பூட்டிவிட்டேன், பூட்டிக்கொண்டேன், பூட்டிப்போட்டேன்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் திண்டுக்கல் மாணவன் ஒருவன், நீண்ட சொற்களையும் கடினமான எழுத்துக்கூட்டலையும் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. அவற்றை மனப்பாடம் பண்ணிவிடலாம் என்னும் தைரியம் அவனுக்கு உண்டு. அவனைத் தடுமாற வைப்பது ‘கிவ்’, ‘புட்’, ‘லுக்’, ‘டேக்’ முதலான, முதல் வகுப்பிலேயே கற்றுத் தேர்ந்துவிட்டதாக அவன் நம்பியிருந்த சின்னஞ்சிறு வினைச்சொற்கள், தமக்குப் பின்னால் ‘அப்’, ‘இன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று ஏதேனும் ஒரு துண்டு வந்து ஒட்டிக்கொண்ட மாத்திரத்தில் தமது பழைய அர்த்தத்தைத் துறந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் புதிய அர்த்தங்களை மேற்கொண்டுவிடுகின்ற விந்தைதான். ‘லுக் ஃபார்’ என்றால் தேடுவது, ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரிப்பது, ‘லுக் இன்டு’ என்றால் விசாரிப்பது. ஒரே கண் பார்வை, பின்னால் வரும் துண்டுக்கு ஏற்ப மூன்று தொழில்களாகப் பிரிந்துபோகிறது.

இந்தச் சங்கடம் நம் மாணவனுக்கு மட்டும் உரியதன்று. 1755 இல் தமது பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, பிற தேசத்தார்க்கு ஆங்கில பாஷையில் நேரும் இடர்களுள் இதனினும் பெரிது வேறொன்றில்லை என்னும் கருத்தைத் தெரிவித்து, இவ்வகைத் தொடர்களை விசேஷக் கவனத்துடன் திரட்டி அகராதியில் சேர்த்திருப்பதாகவும் குறிப்பிட்டார். அவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் அமைய அதன்பின் நெடுங்காலம் ஆயிற்று. இன்று எல்லாப் பாடப்புத்தகங்களிலும் வழங்கும் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்னும் பெயரை 1925 இல் லோகன் பியர்சால் ஸ்மித் தமது நூலில் பிரயோகித்தபோது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லியே அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் என்றும் நன்றியோடு எழுதி வைத்தார்.

நமது பள்ளிகளிலும், பேச்சு ஆங்கிலம் கற்பிக்கும் தனி வகுப்புகளிலும் இத்தொடர்கள் நூறு, இருநூறு என்று பட்டியலாக அச்சிட்டுத் தரப்படுகின்றன. மாணவன் அவற்றை உருப்போடுகிறான். சில நாட்களில் மறந்துவிடுகிறான். அவன் மறப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆங்கிலத்தின் இந்தச் சூட்சுமத்துக்கு எவ்விதத்திலும் குறையாத, சில இடங்களில் அதனினும் நுட்பமான ஒரு வினைப் பாகுபாட்டை, அவன் தன் தாயாரின் இடுப்பில் இருந்த காலத்திலேயே கற்றுக்கொண்டு, நாள்தோறும் பிழையின்றி வழங்கி வருகிறான் என்னும் விஷயத்தை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் முன்வருவதில்லையே என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

திண்டுக்கல்லின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். நாகல்நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்பட்டு, 2019 இல் புவிசார் குறியீடும் பெற்ற பூட்டு, தமிழில் பெயராகவும் வினையாகவும் ஒருங்கே நிற்கும் சொல். ஆங்கிலேயர் இந்த வினையைத் தம் துண்டுகளோடு சேர்த்து வழங்கும் முறை சுவையானது. ‘லாக் இன்’ என்றால் உள்ளே வைத்துப் பூட்டுவது. ‘லாக் அவுட்’ என்றால் வெளியே நிறுத்திப் பூட்டுவது, அதையே நம் நூற்பாலைத் தொழிலாளர் கதவடைப்பு என்று அறிவார்கள். ‘லாக் அவே’ என்றால் எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுவது. ‘லாக் அப்’ என்றால் எல்லாக் கதவுகளையும் சாத்திப் பத்திரப்படுத்துவது, அதுவே பெயராகிப் போலீஸ் ஸ்டேஷன் அறையையும் குறிக்கத் தொடங்கி, ‘லாக்கப்’ என்று தமிழிலும் குடியேறிவிட்டது. இவை யாவற்றிலும் அந்தத் துண்டு நமக்குத் தெரிவிப்பது திசையையும் எல்லையையும்தான்: உள்ளா, வெளியா, அப்பாலா, முற்றிலுமா என்பதை.

இனி நம் வீட்டுக் கதவுக்கு வருவோம். ‘கதவைப் பூட்டினேன்’ என்றால் ஒரு காரியம் நடந்தது என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. போலீஸாரிடம் வாக்குமூலம் கொடுப்பவர் பேசும் வாக்கியம் அது. ‘பூட்டிட்டேன்’ என்றவுடன், செய்ய வேண்டியது முடிந்தது, இனி அதைப்பற்றிக் கவலை வேண்டாம் என்னும் நிம்மதி சேர்ந்துவிடுகிறது; சந்தர்ப்பம் மாறினால் அதே சொல்லில், சாவி உள்ளே இருக்கிறதே என்னும் திகைப்பும் ஒலிக்கலாம், ஏனெனில் ‘விடு’ என்னும் துணைவினை, திரும்பப் பெற முடியாதபடி ஒரு செயல் முடிந்துபோனதைச் சொல்வது. ‘பூட்டிக்கிட்டேன்’ என்றால் என்பொருட்டு, என் பாதுகாப்புக்காக, உள்ளிருந்து பூட்டினேன் என்பது கருத்து. ‘கதவு பூட்டிக்கிருச்சு’ என்னும்போது அதே ‘கொள்’, ஒருவருடைய கையும் படாமல், காற்றடித்தோ தானாகச் சாத்தியோ நிகழ்ந்ததைத் தெரிவித்து, கேட்பவர் யார்மீதும் குற்றம் சுமத்தாதபடி தடுக்கிறது. ‘பூட்டி வை’ என்பவர் நாளைக்கு வரக்கூடிய ஆபத்தை நினைத்துப் பேசுகிறார். ‘பூட்டிப்போட்டுட்டுப் போயிட்டாங்க’ என்பவர், போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்று குறைபடுகிறார். ‘வீடு பூட்டிக் கிடக்கு’ என்று ஒரு பாட்டி சொல்லும்போது, ‘பூட்டியிருக்கு’ என்பதில் இல்லாத ஒரு துக்கம், விளக்கேற்ற ஆளில்லாத திண்ணையின் துக்கம், ‘கிட’ என்னும் அந்த ஒற்றை வினையில் வந்து தங்கிவிடுகிறது. பட்டறையில் பூட்டை முடித்துக் கையில் கொடுப்பவரோ, ‘பூட்டிப் பாருங்க’ என்கிறார்; அந்தப் ‘பார்’ கண்ணால் காண்பதன்று, கையால் சோதிப்பது.

ஆங்கிலத் துண்டு செயல் சென்ற திசையைக் காட்ட, தமிழ்த் துணைவினை அச்செயலைச் செய்தவனுடைய அல்லது சொல்பவனுடைய மனம் சென்ற திசையைக் காட்டுகிறது என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள மூல வித்தியாசம் என்று நான் கருதுகிறேன். விதிவிலக்குகள் இரு பக்கமும் உண்டு. ஆயினும் இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு பார்த்தால் பல முடிச்சுகள் தாமாக அவிழ்கின்றன.

‘சொல்’ என்னும் வினையைப் போல இதற்கு வளமான சாட்சி வேறில்லை. கல்யாண வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். சமையல்காரரிடம் முன்கூட்டியே ‘சொல்லி வைக்க’ வேண்டும். சின்னாளபட்டியில் இருக்கும் மாமாவுக்கு ஆள் மூலம் ‘சொல்லிவிட’ வேண்டும். மனஸ்தாபத்தால் ஒதுங்கியிருக்கும் பங்காளியிடம், பயன் இருக்குமோ இராதோ, ஒருமுறை ‘சொல்லிப் பார்க்க’ வேண்டும். மணமகனின் தம்பிக்கு மேடையில் என்ன செய்ய வேண்டும் என்று ‘சொல்லிக்கொடுக்க’ வேண்டும். பந்தி முடிந்து புறப்படுகிறவர் வீட்டாரிடம் ‘சொல்லிக்கொண்டு’ போக வேண்டும். அப்படிப் போகாதவரை, ‘ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டாப்ல’ என்று பல மாதங்கள் நினைவில் வைத்திருப்பார்கள். செய்த மொய்யைப் பத்துப் பேர் நடுவில் ‘சொல்லிக் காட்டுகிறவர்’ இருக்கிறாரே, அவர் வாயிலிருந்து வரும் செய்தி முழுவதும் உண்மையாகவே இருந்தாலும், அந்தக் ‘காட்டு’ என்னும் துணைவினை அவ்வுண்மையைக் காயமாக மாற்றிவிடுகிறது. இவ்வளவு வேறுபாடுகளையும் ஒரு வேர்ச்சொல்லில் அடக்கிக் காட்டும் ஆற்றலை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி தன் அன்றாட சம்பாஷணையில் அனாயாசமாகக் கையாளுகிறார்.

மேலே வந்த ‘போயிட்டாப்ல’ என்னும் வடிவம், அவன் என்றும் சொல்ல மனமின்றி, அவர் என்று உயர்த்தவும் நெருக்கம் இடம் கொடாத ஓர் ஆண்மகனுக்கு, மதுரையும் திண்டுக்கல்லும் சேர்ந்து கண்ட மரியாதை. நம் பக்கத்துப் பேச்சில் இன்னொரு விசேஷமும் உண்டு. சென்னைக்காரர் ‘வந்துடுச்சு, போய்டுவேன்’ என்று சொல்லுமிடத்தில் நாம் ‘வந்துருச்சு, போயிருவேன்’ என்கிறோம். ‘விடு’ என்பது நம் நாவில் ‘ரு’ என்று தேய்ந்துவிட்டது. அதன் பயனாக, ‘வந்திருவாப்ல’ என்றால் கட்டாயம் வருவார் என்றும், ‘வந்திருப்பாப்ல’ என்றால் இந்நேரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்றும், ஓர் எழுத்தின் வேறுபாட்டில் எதிர்காலத்துக்கும் அனுமானத்துக்கும் இடையே நாம் நடந்துகொண்டிருக்கிறோம். வெளியூர்க்காரர் இதில் தவறுவது இயல்பு. நம் குழந்தைகள் தவறுவதில்லை.

நிற்க. இந்தத் துணைவினைகளை நம் இலக்கணக்காரர்கள் கவனியாமல் விட்டுவிட்டார்கள் என்று சிலர் கூறுவது நியாயமன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தமது இலக்கணச் சுருக்கத்தில், ‘விடு’ என்பதைத் துணிவுப்பொருள் உணர்த்தும் விகுதியென்றும், ‘கொள்’ என்பதைத் தற்பொருட்டுப் பொருள் உணர்த்தும் விகுதியென்றும் வகுத்துக் காட்டினார். துணிவு, தற்பொருட்டு என்னும் அந்த இரண்டு பெயர்களும் எத்தனை பொருத்தமானவை! இத்தாலியிலிருந்து வந்து வீரமாமுனிவராக நம்மிடையே வாழ்ந்த பெஸ்கி பாதிரியார், மக்கள் வழக்கிலுள்ள கொடுந்தமிழுக்கென்று தனியே லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் இயற்ற, அது 1738 இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கற்றோர் செந்தமிழோடு கல்லாதார் பேச்சும் ஆராயத் தக்கதே என்று துணிந்த அந்தப் பெருமகனாருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நம் காலத்தில் மொழியியல் அறிஞர் இ. அண்ணாமலை 1985 இல் தமிழ் வினைகளின் இந்த விரிவைப் பற்றியே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1992 இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, துணைவினைப் பொருளைத் தனியே பிரித்து, வாக்கிய உதாரணங்களோடு பதிந்தது. ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அது வகுப்பறையின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை என்பதே குறை.

வந்திருந்தால் என்ன நன்மை விளைந்திருக்கும் என்பதைச் சொல்கிறேன். ‘கிவ் அப்’, ‘கிவ் இன்’ என்னும் இரண்டையும் மாணவர்கள் ஓயாமல் மாற்றி மாற்றி வழங்குகிறார்கள். முன்னது, முயற்சியையோ பழக்கத்தையோ துறப்பது. பின்னது, எதிரே ஒருவர் நின்று வற்புறுத்த அவருக்கு இணங்குவது. இதை ஆங்கில விளக்கத்தால் புரியவைக்க அரை மணி நேரம் ஆகும். தமிழிலோ ‘விட்டுவிட்டேன்’, ‘விட்டுக்கொடுத்தேன்’ என்று இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் போதும். பீடி குடிப்பதை விட்டுவிடலாம், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. வரப்புத் தகராறில் அண்ணனுக்குத் தம்பி விட்டுக்கொடுக்கிறான், அவன் நிலத்தை விட்டுவிடவில்லை. ‘கொடு’ என்பதற்கு வாங்கிக்கொள்ள எதிரில் ஓர் ஆள் வேண்டும். ஆங்கில ‘இன்’ என்பதற்கும், வெளிப்படச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், எதிரில் ஓர் ஆள் வேண்டும். இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்ட மாணவன் பிறகு அவ்விரண்டையும் குழப்பமாட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதுபோலவே ‘புட் ஆஃப்’ என்பதும் ‘கால் ஆஃப்’ என்பதும். முன்னது ஒத்திவைப்பது, பின்னது அடியோடு நிறுத்திவிடுவது. இதை விளக்குவதற்குக் கோர்ட்டு வளாகத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறு கிடையாது. வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்து, மர நிழலில் காத்திருக்கும் கட்சிக்காரர், உள்ளேயிருந்து வருகிறவரைப் பார்த்து, ‘குமாஸ்தா அண்ணே, கேஸைத் தள்ளிட்டாங்களா, தள்ளி வச்சிருக்காங்களா?’ என்று கேட்கும் கேள்வியில், அவருடைய காணியும் கடனும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. தள்ளிவிட்டால் வழக்கு தீர்ந்தது. தள்ளி வைத்தால் இன்னொரு தேதி உண்டு. ‘வை’ என்பது பின்னால் எடுத்துக்கொள்வதற்காக ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துவதாகையால் அதில் நம்பிக்கை இருக்கிறது; ‘விடு’ என்பதில் கை ஒழிந்துபோகிறது. ‘தள்ளிப் போயிருச்சு’ என்றால் ஒருவர் பேரிலும் பழியில்லை, நீதிபதி விடுப்பிலிருந்திருக்கலாம். ‘தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க’ என்றால் அது ஆற்றாமை. எதிர்க்கட்சி வேண்டுமென்றே காலம் கடத்துகிறது என்னும் குற்றச்சாட்டை, குற்றம் என்ற பேச்சே எடுக்காமல், ‘போடு’ என்னும் சொல்லும் ‘கிட்டே’ என்னும் நீட்டமும் சேர்ந்து சாட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதே குறையைத் தெரிவிக்க வேண்டுமானால், வினைக்கு வெளியே வேறு சொற்களைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் இப்படி இணை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குப் ‘பார்த்துக்கொள்’ என்பதும், ‘புட் அப் வித்’ என்பதற்குப் ‘பொறுத்துக்கொள்’ என்பதும் அழகாகப் பொருந்துகின்றன. ‘ஸீ ஆஃப்’ என்பதற்கு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நாள் முழுதும் கேட்கும் ‘ஏத்திவிட்டுட்டு வர்றேன்’ என்பது ஓரளவு பொருந்துகிறது. அந்தத் தொடரில் ‘விடு’ இரண்டு முறை வருவதையும், முதலாவது பிறருக்கு உதவி செய்வதையும் இரண்டாவது காரியம் நிறைவேறியதையும் குறிப்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால், ‘லுக் டவுன் ஆன்’ என்பதில் மேலிருந்து கீழே விழும் அந்தப் பார்வையை நம் துணைவினை எதுவும் தாராது. நாம் ‘இளக்காரமாகப் பார்க்கிறான்’ என்று வேறு வழியில்தான் சொல்லியாக வேண்டும். மறுபக்கம், ‘சொல்லித் தொலை’ என்பதிலுள்ள எரிச்சலையும், அந்த எரிச்சலுக்குள் சில சமயம் ஒளிந்திருக்கும் பாசத்தையும் எந்த ஆங்கிலத் துண்டினாலும் காட்ட இயலாது. இணை இல்லாத இந்த இடங்களையும் மாணவனுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு பாஷைகளின் குணம் அவனுக்கு விளங்குவது இவ்விடங்களில்தான்.

தமிழில் ஆங்கிலம் கலந்துவிட்டதே என்று வருந்துவோர் ஒரு செய்தியைக் கவனித்தால் சற்று ஆறுதல் அடைவார்கள். வேர்ச்சொல் ஆங்கிலமாகிவிட்டபோதும் துணைவினை தமிழாகவே நிற்கிறது. ‘ஃபோனை ஆஃப் பண்ணி வை’, ‘வெயிட் பண்ணிக்கிட்டு இருக்கேன்’, ‘மெஸேஜை டெலீட் பண்ணிட்டேன்’ என்று சொல்கிற இளைஞன், காரியத்தின் பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, அதன்மேல் தன் மனத்தை வைக்கும் பொறுப்பைத் தமிழிடமே ஒப்படைத்திருக்கிறான். ‘டிரை பண்ணிப் பாருங்க’ என்னும் தொடரில், ‘டிரை’ என்பதே முயன்று பார்ப்பதுதான் என்றாலும், ‘பார்’ என்பதைச் சேர்த்தாலன்றி நம்மவர்க்கு அந்த வாக்கியம் நிறைவு பெறுவதில்லை. இதைப் பிழை என்று திருத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திருத்தாமல் இருந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

இரு மொழிகளின் இந்த நுட்பங்களையும் ஒருவரே அடைய முடியும் என்பதற்கு வேறு தேசத்துக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1872 இல் வத்தலக்குண்டில் பிறந்த பி. ஆர். ராஜம் ஐயர், ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் 1893 முதல் தொடராக எழுதிய ‘கமலாம்பாள் சரித்திர’த்தில், நம் பக்கத்துக் குடும்பங்களின் பேச்சைத் தமிழ் உரைநடைக்குள் உயிரோடு கொண்டுவந்தார், அதே மனிதர் 1896 இல் தொடங்கிய ‘பிரபுத்த பாரதா’ என்னும் ஆங்கில மாதப் பத்திரிகைக்கு முதல் ஆசிரியராக அமர்ந்து, 1898 இல் தமது இருபத்தாறாம் வயதில் மறையும்வரை, வேதாந்தத்தைத் தெளிந்த ஆங்கிலத்தில் எழுதிவந்தார். தமிழைக் கைவிட்டுத்தான் ஆங்கிலத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. அதே வத்தலக்குண்டு மண்ணில் பின்னர் வளர்ந்த பி. எஸ். ராமையாவும், ‘வாடிவாசல்’ எழுதிய சி. சு. செல்லப்பாவும் இந்தப் பேச்சுத்தமிழின் வலிமையை நன்கு அறிந்தவர்கள்.

கல்வி முறையிலும் இதற்கு அடித்தளம் இங்கேயே இருக்கிறது. 1937 இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் உருவானபோது, கல்வி தாய்மொழியின் வழியாகவே அமைய வேண்டும் என்பது அதன் தீர்மானங்களுள் ஒன்றாக இருந்தது. அந்த ஆதர்சத்தை நெஞ்சில் வைத்து, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1956 இல் அங்கே கிராமியப் பல்கலை நிலையமும் எழுந்தது. தாய்மொழியை விளக்காக ஏந்தி அந்நிய மொழியின் அறைக்குள் நுழைவது என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய உபதேசமாக இருக்க முடியாது.

இந்த வகையில் உடனே செய்யத் தக்க ஒரு காரியம் என் மனத்தில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்தில் கொங்குப் பேச்சின் சாயல் விழுவதால், அங்கே ‘சாப்பிட்டுப்போட்டு வர்றேன்’ என்பது ‘சாப்பிட்டுட்டு வர்றேன்’ என்பதற்கு மேல் எந்தக் குறிப்பும் இல்லாத, சாதுவான வாக்கியம். திண்டுக்கல் நகரத்திலோ ‘போட்டு’ என்றவுடன் அசிரத்தை என்னும் வாசனை வந்துவிடுகிறது. சந்தையில் வெங்காய மூட்டையை ‘இறக்கிப்போட்டு வந்தேன்’ என்று மேற்கேயிருந்து வந்த ஒருவர் சொன்னால், இங்கே உள்ளவர் சரக்குக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்படுவார். இவ்விரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே எங்கேயோ ஓர் எல்லை ஓடுகிறது. கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ படிக்கும் மாணவர் சிலர், ஒரு குறிப்புப் புத்தகத்தோடு திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, ரெட்டியார்சத்திரத்திலும் அதற்கு அப்பாலும் ஊர் ஊராக இறங்கி, டீக்கடையிலும் களத்துமேட்டிலும் பெரியவர்களைப் பேசவிட்டுக் கேட்டு, எந்த ஊர்வரையில் ‘போட்டு’ சாதுவாக இருக்கிறது, எந்த ஊரிலிருந்து அது குறை சொல்லும் சொல்லாக மாறுகிறது என்பதை எழுதிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ‘பூட்டிப்போட்டு வந்தேன்’ என்னும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி, அந்த வீட்டுக்காரர் கவனமுள்ளவரா இல்லாதவரா என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.